படம் இணைத்துள்ளேன்

அவர் எழுதும் கடிதத்தில் மூன்றாவது வரியிலேயே தன் நிறத்தைச் சொல்லிவிடுவார்.

"மதிப்புக்குரிய அம்மையீர், ஆகஸ்ட் மாதம் பத்து நாட்கள் உங்கள் இல்லத்தில் தங்க விரும்புகிறோம். நாங்கள் சிலோனைச் சேர்ந்தவர்கள். எங்கள் தோல் கரும்பழுப்பு நிறம். நான், என் மனைவி, ஒரு பெண் குழந்தை. படம் இணைத்துள்ளேன். உங்களுக்கோ உங்களிடம் தங்கும் மற்றவர்களுக்கோ இதில் சங்கடம் இருக்குமானால் இப்போதே எழுதிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் தவறாக நினைக்க மாட்டோம்."

ஜெர்மன் மொழியில் இது ஏழு வரி வரும். இயந்திரத் தொழிற்சாலை ஒன்றில் வரைபடம் போடுகிற வேலை அவருக்கு; கையெழுத்து அச்சுக் கோத்தது போல இருக்கும். ஒவ்வொரு ஜனவரியிலும் இதே ஏழு வரியை முப்பது நாற்பது தடவை எழுதுவார். ஆல்ப்ஸ் மலையடியில் உள்ள ஏரிக்கரை ஊர்கள், தங்க அறை கொடுக்கும் வீடுகளின் பட்டியலை இலவசமாக அனுப்பும். அந்தப் பட்டியல்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, ஏரிக்கு ஏரி, வீட்டுக்கு வீடு பென்சிலால் குறித்து, உறையில் முகவரி எழுதி, படத்தை வைத்து ஒட்டுவார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும். உள்ளே அவர் கோடை விடுமுறைக்கு வேலை செய்துகொண்டிருப்பார்.

நான் ஜெர்மனியில் எசன் நகரத்துக்கு ஆராய்ச்சி மாணவனாகப் போனது அறுபத்தேழில். அந்தப் பக்கத்தில் அப்போது தமிழ் பேசும் வீடு அவருடையது ஒன்றுதான். நான் வந்திருப்பதைச் சலவைக் கடைக்காரி சொல்லி அறிந்திருக்கிறார். நேரே வந்து கதவைத் தட்டியிருக்கலாம். எனக்கும் ஒரு கடிதம்தான் போட்டார். ஞாயிறு நாலு மணிக்கு வரலாமா, நான் யாழ்ப்பாணத்தவன், என் பேச்சு உமக்கு விளங்காமல் போகலாம், ஆனபடியால் முன்கூட்டியே அறியத் தருகிறேன் என்று. கோயம்புத்தூரிலிருந்து வந்து மூன்று வாரமாகத் தமிழ்ச் சத்தமே கேட்காமல் கிடந்தவன் நான். அந்தக் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். அவர் விளையாட்டுக்கு எழுதவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

எங்கே போனாலும் அவர் அப்படித்தான். பல் வைத்தியரிடம் நேரம் குறிக்கத் தொலைபேசியில் பேசும்போது, "நான் வெளிநாட்டவன், கறுத்த தோல்" என்று சொல்லிவிட்டுத்தான் எந்தப் பல் வலிக்கிறது என்பதைச் சொல்வார். ஒரு தடவை அந்த வைத்தியரிடம் வேலை பார்க்கும் பெண், "பல் என்ன நிறம்?" என்று கேட்டாளாம். அதை அக்கா, அவருடைய மனைவி, பத்துத் தரமாவது என்னிடம் சொல்லிச் சிரித்திருப்பார். அவர் சிரித்ததில்லை. ரயில் பெட்டியில் "இந்த இடம் காலியா?" என்று எல்லோரும் கேட்பார்கள். இவர் கேட்டுவிட்டு உடனே உட்கார மாட்டார். கதவடியில் ஒரு கணம் நிற்பார். இல்லை என்று சொல்ல விரும்புகிறவர்களுக்குச் சொல்ல நேரம் கொடுக்கிற நிற்றல் அது.

எனக்கு வாடகைக்கு அறை தேடியபோது வீட்டுச் சொந்தக்காரிகளிடம் அவரே போய், "இந்தப் பையன் சமைப்பான். ஞாயிற்றுக்கிழமை மிளகாய் வறுப்பான். நெடி மாடி வரைக்கும் வரும்" என்று சொல்லிவிட்டார். இரண்டு அறைகள் அப்படியே கைவிட்டுப் போயின. மூன்றாவது இடத்துக்கும் அவர் கிளம்பியபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அண்ணா, எதுக்கு நாமளே போய்ச் சொல்லணும்? நான் ஜன்னலைத் திறந்து வச்சுட்டு வறுத்துக்கறேன்."

"பிறகு அவ வந்து கதவைத் தட்டிச் சொல்லுவா. அப்ப உமக்கு எப்பிடி இருக்கும்?" என்றார். "இப்பவே சொல்லட்டும். இப்ப சொன்னா அது வெறும் கதை. பிறகு சொன்னா அது உம்மடை முகத்திலை சொல்லுறது."

மூன்றாவது வீட்டுக்காரி மிளகாய்க்குச் சம்மதித்தாள். நாலு வருடம் அங்கேதான் இருந்தேன். ஒரு நாளும் ஒரு சொல் வந்ததில்லை. இதனால் அவரைக் குறை சொல்லவும் முடியாமல் போயிற்று.

கடிதத்தோடு வைக்கும் படத்துக்காக ஆண்டுதோறும் ஸ்டூடியோவுக்குப் போவார்கள். பிள்ளை வளர்கிறாளே, பழைய படத்தை அனுப்புவது ஏமாற்று என்பார். அவர் கோட்டு, அக்கா சேலை, மகள் தலையில் ரிப்பன். ஒரு வருடம் நானும் கூடப் போயிருந்தேன். கறுப்பு வெள்ளைப் படம். ஸ்டூடியோக்காரர் நல்ல மனதோடு மூவரையும் சற்று வெளுப்பாக அச்சிட்டிருந்தார். இவர் படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். திரும்பி வந்து, "இன்னும் கொஞ்சம் இருட்டாக அச்சிட முடியுமா? உள்ளபடி தெரிய வேண்டும்" என்று கேட்டார். ஸ்டூடியோக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதில்கள் பிப்ரவரியில் வரத் தொடங்கும். பாதிப் பேர் பதிலே போட மாட்டார்கள். சிலர் இடமில்லை என்பார்கள். வரச் சொல்லி எழுதியவர்களிலும் அவர் பிரிப்பார். "உங்கள் நிறம் எங்களுக்குப் பொருட்டல்ல" என்று எழுதியவர்களை ஒதுக்கிவிடுவார். "பொருட்டில்லை எண்டு எழுத ஒருக்கா யோசிச்சிருக்கினம்" என்பார். நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல், காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு, படகு எங்கிருந்து புறப்படும் என்று எழுதியவர்கள்தான் அவருக்கு வேண்டும். அப்படி ஆண்டுக்கு ஒரு வீடு தேறும். இரண்டு வீடு தேறினால் அது நல்ல வருடம். பிறகு நில வரைபடத்தை விரித்து, எந்தப் பாதை பிள்ளை நடக்கக் கூடியது, மழை பெய்தால் எங்கே ஒதுங்கலாம், கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்றெல்லாம் ஒரு தாளில் எழுதுவார். அவ்வளவு அழகான விடுமுறைத் திட்டத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. ஒவ்வொரு ஆகஸ்டிலும் போனார்கள். ஒரு குறையும் நேர்ந்ததில்லை.

அக்காவுக்குத்தான் அது பிடிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கடிதக் கட்டைத் தெருமுனைத் தபால்பெட்டியில் போடப் போயிருந்தார். அக்கா தட்டுகளைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"தம்பி, நான் ஒருக்காவாவது சும்மா போய் இறங்க வேணும். உது விடுமுறை இல்லை. அனுமதி வாங்கிக்கொண்டு போய் இருந்திட்டு வாறது."

அப்போதுதான் அந்தக் கதையையும் சொன்னார். நான் வருவதற்கு முந்தைய வருடம் நடந்தது. பவேரியாவில் ஓர் ஏரிக்கரையில் அறைக்கு எழுதி, சம்மதம் வந்து, ரயிலில் நாள் முழுக்கப் பயணம் செய்து போய் இறங்கியிருக்கிறார்கள். கதவைத் திறந்த பெண் மூவரையும் பார்த்தாள். பார்த்துவிட்டு, தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது, அறையெல்லாம் வெள்ளம், மன்னிக்க வேண்டும் என்றாள். மகளுக்கு அப்போது நாலு வயது. அறைக்குள் வெள்ளம் என்றதும் அதைப் பார்க்க ஆசை வந்து, அந்தப் பெண்ணின் பாவாடைக்குப் பக்கத்தால் நுழைந்து ஓடிவிட்டாள்.

"ஓடிப் போய்க் கதவைத் திறந்தவள். திரும்பி நிண்டு பெரிசாக் கத்தினாள். 'அப்பா, தண்ணி இல்லை! கட்டில் எல்லாம் வடிவா விரிச்சிருக்கு, வாங்கோ!' எண்டு. நாங்கள் வாசல்லை நிக்கிறம். அந்த மனுசி நிலத்தைப் பாக்கிறா. இவர் உள்ளுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்." அக்கா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "வந்து அவவிட்டை மன்னிப்புக் கேட்டார், தம்பி. பிள்ளை காலிலை சப்பாத்தோடை உள்ளுக்கு வந்திட்டாள் எண்டு மன்னிப்புக் கேட்டார்."

மழையில் வேறு இரண்டு வீடுகளில் கேட்டுவிட்டு அடுத்த ரயிலில் திரும்பி வந்துவிட்டார்களாம். அந்தக் குளிர்காலத்தில்தான் அவர் முதல் தடவை ஸ்டூடியோவுக்குப் போனது.

எழுபத்திரண்டு ஜனவரியில் அவருக்குப் பித்தப்பையில் அறுவைச் சிகிச்சை. மூன்று வாரம் ஆஸ்பத்திரிக் கட்டில். கட்டிலில் கிடந்தபடியே என்னைக் கூப்பிட்டு, பட்டியலையும் படங்கள் இருந்த உறையையும் தந்தார். "உம்மடை லாபிலை தட்டச்சு இருக்குத்தானே? அந்த ஏழு வரியிலை ஒரு சொல்லும் மாத்தாதையும்" என்றார்.

அக்கா அந்த உறையை என்னிடமிருந்து வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். பட்டியலில் ஒரே ஒரு வீட்டைக் காட்டினார். முன்பு திரும்பி வந்த அதே ஏரி, அதன் எதிர்க்கரை.

"இதுக்கு மட்டும் எழுதும். ஆக்கள் எத்தினை பேர், எத்தினை நாள். வேறை ஒண்டும் வேண்டாம்."

"அண்ணாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரியவேணும். போய் இறங்கின பிறகு தெரியட்டும். கதவு திறக்கும் எண்டு அவர் ஒருக்காக் காண வேணும்."

எனக்கு வயது இருபத்தெட்டு. காலம் மாறிவிட்டது என்று நம்பினேன். கைவிட்டுப் போன இரண்டு அறைகளின் கோபமும் உள்ளே எங்கோ இருந்திருக்கலாம். அக்கா சொன்னபடியே எழுதினேன். நானும் வருவதாகச் சொல்லி எனக்கும் ஓர் அறை கேட்டேன். பத்தே நாளில் பதில் வந்தது. அறைகள் இருக்கின்றன, ஜன்னலைத் திறந்தால் ஏரி, ஆகஸ்டிலும் காலையில் குளிரும், கம்பளிச் சட்டை கொண்டு வாருங்கள்.

முப்பது வீடுகளுக்கு எழுதியதில் இதுதான் நல்ல பதில் என்று அவரிடம் கொடுத்தோம். ஊர்ப் பெயரைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அக்காவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கடிதத்தைப் படித்தார். மறுபடி படித்தார்.

"பாத்தீரே தம்பி, நிறத்தைப் பற்றி ஒரு சொல்லில்லை. கம்பளிச் சட்டை கொண்டு வரட்டாம்." கடிதத்தைத் தடவி மடித்தார். "அந்த ஏரியிலை இருந்தே இப்பிடி ஒருத்தி எழுதியிருக்கிறா."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த வசந்தம் முழுக்க அவர் வேறு ஆளாக இருந்தார். வரைபடங்களைச் சுவரில் ஒட்டினார். மலைமேல் ஒரு மாட்டுக் கொட்டகையில் மோர் கிடைக்கும் என்று எங்கோ படித்து அதற்கு நட்சத்திரக் குறி போட்டார். தொப்பி வாங்கினார். ரயில் பெட்டியில் ஏறியதும் கேட்காமலே உட்கார்ந்தார். நானும் அக்காவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கி எங்களுக்கு முன்னால் நடந்தவர் அவர்தான். மகள் மட்டும் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். "வா, போகலாம்" என்றேன். "அப்பா கேட்டு முடிக்கட்டும், மாமா" என்றாள். பத்து வயது. எந்த ஊரிலும் அவள் அப்படித்தான் காத்திருப்பாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மணியை அழுத்தினார். ஏப்ரனில் கையைத் துடைத்தபடி ஒரு பருத்த அம்மாள் கதவைத் திறந்தாள். அவர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

"வணக்கம், அம்மா. படத்தில் பார்த்த ஆள் நான்தான்."

"எந்தப் படம்?"

"கடிதத்தோடு அனுப்பிய படம்."

"கடிதம் வந்தது. படம் எதுவும் வரவில்லையே" என்றாள் அவள், நீட்டிய கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே.

அவர் திரும்பினார். முதலில் அக்காவைப் பார்த்தார், பிறகு என்னை. கோபம் இல்லை. நம்ப முடியாதவர் போலப் பார்த்தார். கையை மெல்ல விடுவித்துக்கொண்டு இரண்டு படி கீழே இறங்கினார். தொப்பியைக் கழற்றினார். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அந்த ஏழு வரியையும் மனப்பாடமாகச் சொன்னார். நாங்கள் சிலோனைச் சேர்ந்தவர்கள், எங்கள் தோல், சங்கடம் இருக்குமானால், தவறாக நினைக்க மாட்டோம், எல்லாவற்றையும்.

அந்த அம்மாளின் முகம் சிவந்துகொண்டே வந்தது.

"என்னை யார் என்று நினைத்தீர்கள்?" என்றாள். "கட்டில் விரித்து வைத்திருக்கிறேன். காப்பி ஆறுகிறது. என் வீடு பிடிக்கவில்லையென்றால் அதைச் சொல்லுங்கள். வருவதென்றால் வாருங்கள், ஈ உள்ளே வருகிறது."

அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரைக் கடந்து உள்ளே போனார். கடைசியாக வந்தது அவர்.

முதல் இரண்டு நாளும் அவர் எங்களோடு பேசவில்லை. காலைச் சாப்பாட்டுக்கு மற்றவர்கள் எழுந்த பிறகுதான் வருவார். ஜன்னலோர மேசையில் வடக்கேயிருந்து வந்த ஒரு வயதான தம்பதி உட்காருவார்கள். நாங்கள் வணக்கம் சொன்னால் தலையை அசைப்பார்கள். மூன்றாம் நாள் காலை அந்த மேசை காலியாக இருந்தது. வெளியே அவர்களுடைய காரில் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன.

"ஞாயிறு வரைக்கும் இருப்பார்கள் என்றீர்களே?" என்று அவர் வீட்டுக்காரியைக் கேட்டார்.

அவள் துடைத்த மேசையையே திரும்பத் துடைத்தாள். "ஊரில் ஏதோ அவசரமாம்." பொய் சொல்லத் தெரியாத பெண். காது வரைக்கும் சிவந்துவிட்டது.

அவர் வெளியே போய்க் காருக்குப் பக்கத்தில் நின்றார். கிழவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கார் சாலையில் ஏறித் திரும்பும் வரை நின்றுவிட்டு, ஏரிக்குள் நீட்டிக் கட்டியிருந்த படகுத்துறைக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

"அந்த மனுசிக்கு ரெண்டு ஆக்கள் போயிட்டினம்" என்றார். "எங்களாலை."

"போனா போகட்டும் அண்ணா. அந்தம்மா நம்மளை இருக்கச் சொல்றாங்களே. அது போதாதா?"

"அவ நல்லவ. அதுதான் பிழை. அவவுக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருந்தா, இவை வாற நேரத்திலை எங்களை வேண்டாம் எண்டு சொல்ல அவவுக்கு ஒரு வழி இருந்திருக்கும். நீங்கள் அதை எடுத்துப் போட்டியள்."

தண்ணீர் பச்சையாக, அசையாமல் கிடந்தது. எதிர்க்கரையில் வீடுகள் தெரிந்தன. அவற்றில் எது அந்த வீடு என்று அவருக்குத் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை.

"ஆறு வருசமா நான் ஒருத்தற்றை வாசலிலையும் சொல்லாமல் போய் நிண்டதில்லை" என்றார். "அண்டைக்கு என்னை நிப்பாட்டினது அந்நியர். அது அவையின்ரை குணம். இந்தமுறை ஆர் கொண்டுவந்து நிப்பாட்டினது? எனக்கு ஒரு சொல் முன்னமே சொல்லியிருக்கலாமே. மற்ற ஆக்களுக்கெல்லாம் நான் சொல்லுறன். எனக்குச் சொல்ல ஒருத்தரும் இல்லையோ?"

 

மறுநாள் அவர் பெட்டி கட்டினார். அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, "நான் வரேல்லை. கதவு திறந்துது, நான் உள்ளுக்கு வந்திட்டன். இனி வெளிக்கிட ஏலாது" என்றார். மகளும் தாயோடு இருந்துவிட்டாள். பஸ் வரைக்கும் வருகிறேன் என்றேன். "வேண்டாம், நீங்கள் இருங்கோ" என்றார். அதுவரை என்னை உரிமையோடு நீர் என்றுதான் சொல்லிவந்தார். அன்றிலிருந்து நீங்கள்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு தொடர்ந்தது. மரியாதையில் ஒரு குறையும் இல்லை. முன்பு நான் போனால் கதவு வெறுமனே சாத்தியிருக்கும். இப்போது மணியடித்தால் அவரே வந்து திறந்து, "வாங்கோ" என்பார். ஜனவரியில் மேசையில் பட்டியல்கள் இல்லை. அடுத்த ஆகஸ்டில் அக்காவும் மகளும் அதே வீட்டுக்குப் போனார்கள். அவர் பெட்டிகளைத் தூக்கி ரயிலில் ஏற்றிவிட்டு வேலைக்குப் போனார். அதற்கடுத்த வருடமும் அப்படியே.

அந்த இலையுதிர்காலத்தில் நான் ஊர் திரும்பினேன். அக்காவிடமிருந்து வருடத்துக்கு இரண்டு கடிதம் வரும். மகள் படிப்பு, அவருடைய முதுகுவலி, வீட்டுக்காரி அனுப்பிய நாய்க்குட்டிப் படம். எழுபத்தெட்டுக் கடைசியில் வந்த கடிதம் மற்றவை போல இல்லை.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல், ஒரு கைப்பெட்டியோடு கிளம்பிப் போயிருக்கிறார். யாருக்கும் கடிதம் எழுதியதாகத் தெரியவில்லை. மேசையில் ஒரு துண்டுத் தாள்: "ஏரிக்குப் போறன். ஞாயிறு வருவன்." அக்கா பதறிப்போய் அந்த அம்மாளுக்குத் தொலைபேசி எடுத்தார். அங்கே அவர் போகவில்லை. சொன்னபடி ஞாயிறு மாலை வந்தார். தேத்தண்ணி குடித்தார். எங்கே தங்கினார் என்று சொல்லவில்லை.

"நான் கேட்கவில்லை தம்பி" என்று அக்கா எழுதியிருந்தார். "கேட்டால் இல்லை என்று வந்துவிடுமோ என்று பயம். ஆனால் ஒன்று. முகம் மழுமழுவென்று வழித்திருந்தார். இரண்டு இரவு அவருக்கு எங்கேயோ ஓர் அறை கிடைத்திருக்க வேண்டும், இல்லையா? நீர் என்ன நினைக்கிறீர், எழுதும்."

அந்த நாட்டுப் பெரிய ரயில் நிலையங்களில் கழிப்பறைக்குப் பக்கத்திலேயே கண்ணாடியும் சுடுதண்ணீரும் இருக்கும். பயணிகள் அங்கே முகம் வழிப்பதை நான் பார்த்திருக்கிறேன், நானே வழித்திருக்கிறேன். அக்காவுக்கு அது தெரியாது. ஓம் அக்கா, கட்டாயம் கிடைத்திருக்கும் என்று பதில் எழுதித் தபாலில் போட்டேன்.